நித்திரை இல்லாத நெடிய இராத்திரிகள்

நீண்டகால வியாதியோடு வாழ்கிறவர்கள் மாதமொரு முறையோ மூன்று மாதத்திற்கொரு முறையோ மருத்துவரிடம் செல்லும்போது, சர்க்கரையின் அளவு பேசப்படுகிறது. இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. கால் எரிச்சலும் கண் மங்கலும் மருந்துச் செலவும் வந்து போகின்றன. அறையை விட்டு வெளியே வந்த பிறகு, துணைக்கு வந்த மகள், "ராத்திரி தூக்கமே இல்லைன்னு சொன்னீங்களாம்மா?" என்று கேட்கிறாள். "அதையெல்லாமா போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?" என்கிறார் தாயார். வியாதி என்று வந்தால் தூக்கம் கெடத்தானே செய்யும் என்பது அவருடைய எண்ணம். வெளியே முப்பது பேர் காத்திருக்கையில் மருத்துவரும் அதைத் தேடிக் கேட்பதில்லை. இப்படியே வருஷங்கள் கழிந்துவிடுகின்றன.

பிழைப்புக்காக ஊரைவிட்டு மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்து சேர்ந்த நம் குடும்பங்களில் இத்தகைய தாய்மாரும் தகப்பன்மாரும் ஏராளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர். ஆகவே இக்கட்டுரையில் சர்க்கரை வியாதியையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். மூட்டுவாதம், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பரீட்சைக்கு முந்திய இரவு தூக்கம் வராதது நோயல்ல. படுப்பதற்கு இடமும் நேரமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமலோ, இடையில் கலைந்தோ, விடியுமுன்னே முறிந்தோ போய், அதனால் மறுநாள் பகலும் கெட்டு, இந்நிலை மூன்று மாதங்கள் நீடித்தால் அதையே மருத்துவர்கள் நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். முற்காலத்தில், வியாதியஸ்தருக்கு வருகிற தூக்கமின்மை அந்த வியாதியின் நிழல் என்றும், வியாதி குணமானால் நிழலும் போய்விடும் என்றும் கருதினார்கள். குணமாகாத வியாதிகளில் இந்தக் கருத்து எவ்வளவு கொடுமையாக முடியும் என்று யோசித்துப் பாருங்கள்! வாழ்நாளெல்லாம் நீங்காத வியாதி என்றால் வாழ்நாளெல்லாம் விழித்திருக்க வேண்டியதுதானா? 2005ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு இந்தப் பார்வையைக் கேள்விக்குள்ளாக்கியது. 2013இல் வெளிவந்த மனநோய்ப் பகுப்பு நூலான டிஎஸ்எம்-5 அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. தூக்கமின்மை வியாதியோடு கூட வாழும் இன்னொரு வியாதி. அதற்குத் தனியே வைத்தியம் செய்ய வேண்டும், செய்யவும் முடியும் என்பதே இன்றைய நிலை.

செய்யாமல் விட்டால் முதல் வியாதியும் கெடுகிறது. 1999ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்தார்கள். அந்த ஒரு வாரத்திற்குள்ளாகவே அவர்களுடைய சரீரம் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துபோயிற்று. வியாதியே இல்லாத வாலிபருக்கு இப்படியென்றால், பத்து வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த ஜாமத்தில் விழிக்கிறீர்கள்?

"எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்ற ஒரே வாக்கியத்திற்குள் பல வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எப்போது விழிக்கிறோம், விழித்தவுடன் என்ன உணர்கிறோம் என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறவர்களை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளத் தொடங்குகிறது. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இவர்களுக்கு வேண்டியது தூக்க மருந்தன்று. இரவுச் சர்க்கரையைச் சீர்செய்வதே. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்கின்றன. இவற்றையும், இரத்த அழுத்தத்திற்கான நீர் பிரியும் மாத்திரையையும் இரவில் விழுங்கிக்கொண்டிருந்தால், காலையில் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பகலெல்லாம் நின்று வேலை செய்து கால் வீங்குகிறவர்களுக்கு, காலில் தங்கிய நீர் படுத்தவுடன் இரத்தத்திற்குத் திரும்பிச் சிறுநீராகிறது. மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் அந்த நீர் படுக்குமுன்னே வெளியேறிவிடும். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

படுத்தவுடன் பாதம் தீயாய் எரிகிறது, போர்வை பட்டாலும் தாங்கவில்லை என்பவர்களுக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. பகலின் ஓட்டத்தில் கவனத்துக்கு வராத எரிச்சல், ஓய்ந்து படுத்தபின் முழு வலுவோடு எழும்புகிறது. இதைத் தணிக்கத் தனி மருந்துகள் உண்டு. சாதாரண வலிமாத்திரைகள் இதற்கு அதிகம் உதவுவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் உட்கொண்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் கால் மரத்துப்போவதுண்டு. ஓர் இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

கால் எரிச்சல் வேறு, கால் துடிப்பு வேறு. சிலருக்கு மாலையாகிப் படுத்துவிட்டால் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோலவும், அதை அசைத்தே ஆக வேண்டும் என்பதுபோலவும் ஒரு தவிப்பு வருகிறது. எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்பும். "பாட்டி சும்மா இருக்க மாட்டேங்கிறாங்க" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். இது 1945ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு மருத்துவர் எக்போம் விவரித்த நோய். இரும்புச்சத்துக் குறைவிலும் சிறுநீரகக் கோளாறிலும் இது மிகுதி. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பலருக்கு இரவைக் கெடுப்பது இதுவே. சளிக்கென்றும் அரிப்புக்கென்றும் கடையில் வாங்கும், தூக்கக் கலக்கம் தரும் மாத்திரைகள் இந்தத் தவிப்பை அதிகமாக்கிவிடும் என்பதைப் பலர் அறியார். இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இனி, பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு உடை வியர்வையில் நனைந்து, நெஞ்சு படபடக்க, கெட்ட சொப்பனத்தோடு விழிக்கிறவர்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் இப்படி விழித்தால், "பயத்தின் ஆவி" என்று முடிவு கட்டுமுன் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்துவிட வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறாவிட்டால் திரும்பவும் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இவ்விடத்தில் நம் சபைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பகலெல்லாம் உண்ணாதிருந்து, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிட்டு, அன்றிரவு இப்படி நனைந்து விழிப்பவர்கள் உண்டு. உபவாசிக்க விரும்பும் சர்க்கரை வியாதியஸ்தர், அன்றைய மருந்தின் அளவை எப்படி மாற்றுவது, உபவாசிக்கலாமா கூடாதா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். எதிர்மாறாக, சாட்சி சொல்லவேண்டும் என்பதற்காக மருந்தையே நிறுத்திவிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறி, இரவெல்லாம் தாகமும் சிறுநீருமாய்க் கழிகிறது. முழு இராத்திரி ஜெபக் கூட்டத்திற்கு வரும் இன்சுலின்காரரையும் வலிப்புக்காரரையும் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவைக்கிற போதகர், அவர்களுக்கு நல்ல மேய்ப்பர் என்பதே நம் எண்ணம்.

மற்ற வியாதிகளுக்கும் அவற்றின் ஜாமங்கள் உண்டு. ஆஸ்துமா பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணியளவில் இறுக்கும். அடிக்கடி அப்படி எழுப்பினால் தினசரி இழுப்பு மருந்து போதவில்லை என்று பொருள். முடக்குவாதத்தின் விறைப்பு அதிகாலையில் கடுமையாயிருக்கும். இவ்விரண்டுக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை மாலையில் சாப்பிட்டால் தூக்கம் ஓடிவிடும் என்பதால், பொதுவாகக் காலையிலேயே கொடுப்பார்கள். தைராய்டு மாத்திரையின் அளவு மிஞ்சினாலும் இரவில் படபடப்பும் விழிப்பும் வரும்.

குறட்டையைத் தனியே சொல்லியாக வேண்டும். பெருத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுதல், காலையில் தலைவலி, பகலில் லோக்கல் ரயிலில் நின்றபடியே கண் சொருகல்: இவை தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயின் அடையாளங்கள். சர்க்கரை வியாதியும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு இது மிகச் சாதாரணம். தமக்கு மூச்சு நிற்கிறது என்பது உறங்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியும். ஆகையால் மனைவியோ கணவனோ மருத்துவரிடம் கூடவே போக வேண்டும். ஓர் இரவு செய்யும் தூக்கப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் கருவி இதற்கு நல்ல பலன் தருகிறது.

கடைக்காரர் தரும் அரை மாத்திரை

தெருமுனை மருந்துக்கடையில், "அண்ணே, தூக்கம் வரல, ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கும் வழக்கம் நம்மவரிடத்தில் வேரூன்றிவிட்டது. பெரும்பாலும் கிடைப்பது அல்ப்ராசோலம். முதல் வாரம் அமிர்தம்போல் இருக்கும். பிறகு அரை மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். சரீரம் அதற்குப் பழகிவிட, நிறுத்தினால் முன்னிலும் மோசமாக விழிப்பு வரும். இந்த மருந்தும் இதன் இனமான பல மருந்துகளும் 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது. விற்ற விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இவ்வளவு கண்டிப்பாயிருப்பதற்குக் காரணம் உண்டு.

வியாதியஸ்தருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மூச்சடைக்கும் நோயுள்ளவர் இதைச் சாப்பிட்டால் திணறல் அதிகமாகலாம். சர்க்கரை இறங்கும்போது விழித்துக்கொள்ள வேண்டியவர் மயக்கத்தில் கிடந்துவிடலாம். வயதானவர் பின்னிரவில் மாடிப்படி இறங்கிப் பொதுக் கழிப்பறைக்குப் போகையில் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. அதற்காக, மாதக்கணக்காகச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்தவுடன் மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். மருத்துவரின் துணையோடு சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. சில வாரங்களுக்கு அவரே கொடுக்கிற தூக்க மாத்திரையைக் குற்றவுணர்வோடு விழுங்க வேண்டியதும் இல்லை.

பாயைச் சுருட்டி வைக்கும் ஞானம்

வலியையும் சர்க்கரையையும் சீராக்கிய பின்னும் தூக்கம் திரும்பாத வீடுகள் உண்டு. ஏன்? அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியது ஒன்றாயிருக்கலாம். கெட்ட தூக்கத்தைத் தொடரச் செய்வது வேறாயிருக்கலாம். அறுவைச் சிகிச்சையோ, வலியோ தூக்கத்தைக் கலைத்தது. இழந்ததைப் பிடிக்க வேண்டி நாம் எட்டு மணிக்கே படுத்தோம், மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினோம், விடிந்தபின்னும் புரண்டு கிடந்தோம். வலி போயிற்று, இந்தப் பழக்கங்கள் போகவில்லை.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் அடினோசின் என்னும் பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தின் பாரத்தைக் கூட்டுகிறது. பசியோடு உணவருந்த உட்காருவதுபோல, இந்தப் பாரத்தோடு படுக்கைக்குப் போகவேண்டும். மதியத் தூக்கம் மாலை நொறுக்குத் தீனியைப்போல இரவுப் பசியைக் கெடுத்துவிடும். காப்பியும் தேநீரும் அடினோசினின் வேலையை மறித்துவிடுகின்றன. மாலை ஐந்து மணிக்குக் குடித்த காப்பியின் ஏறக்குறைய பாதி இரவு பத்து மணிக்கும் சரீரத்தில் இருக்கும். மும்பையில் ஆளுக்காள் நீட்டும் 'கட்டிங்' சாயாவை மதியத்தோடு நிறுத்திக்கொள்வது சிரமந்தான். ஆனால் ஒரு மாதம் செய்து பார்க்கத் தக்கது.

1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்பவர் கொடுத்த ஆலோசனை இன்னும் எளிது. தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள், இருபது நிமிஷம் போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், வரும்போது திரும்புங்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். படுக்கை என்றாலே விழிப்பும் கவலையும் என்று மூளை கற்றுக்கொண்டதை மறக்கச் செய்வதே இதன் நோக்கம். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் தாராவி வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? புத்தகம் எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்காது. நம் வீடுகளில் அடுப்படி ஓரத்தில் ஒரு முக்காலி, வாசற்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இவையே அந்த வேறு அறை. மங்கலான வெளிச்சத்தில், கைப்பேசியைத் தொடாமல், அங்கே அமர்ந்திருக்கலாம். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடலாம்.

நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. கட்டில் வாங்கியவர்கள் இழந்துவிட்ட ஒரு நல்ல வழக்கம் பாயில் இருக்கிறது. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால், பகலில் படுக்கை என்ற ஒன்றே வீட்டில் இல்லை. பழைய சால் வீடுகளில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்திற்குக் குடமெடுத்துக்கொண்டு எழுந்தே ஆகவேண்டும் என்பதும், எழும் நேரத்தை நிலைநிறுத்தும் விஷயத்தில் எந்த மருத்துவரின் சீட்டையும்விடக் கண்டிப்பானது!

ஸ்பீல்மனின் முறை இதைவிடக் கடினமானது, பலனும் அதிகம். ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் ஒருவர் உண்மையில் ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இனிப் பதினொன்றரை மணிக்கே படுத்து ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் பகல் கனமாயிருக்கும், கோபம் வரும். பிறகு சிதறிக் கிடந்த தூக்கம் ஒன்றுகூடத் தொடங்கும். படுத்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூங்கினால், வாரத்திற்குக் கால் மணி நேரம் படுக்கை நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். படுக்கை நேரத்தை ஐந்து மணிக்குக் கீழே மட்டும் குறைக்கக் கூடாது. வலிப்பு நோயுள்ளவர்கள், இருதுருவ மனநோயுள்ளவர்கள், ஓட்டுநர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் இதைத் தாமாகச் செய்யலாகாது. இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவருக்குத் தெரிவித்து, சர்க்கரையை அடிக்கடி சோதித்தபடி செய்ய வேண்டும். இந்த முறைகளும், தூக்கத்தைப் பற்றிய பயங்களை ஆராய்ந்து திருத்துவதும் சேர்ந்ததே அறிதல்-நடத்தைச் சிகிச்சை. நாட்பட்ட தூக்கமின்மையுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் மாத்திரைக்கு முன்னே இதைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் ஆண்டில் பரிந்துரை செய்தது.

"பகலில் படுக்காதே என்றால் முடக்குவாதக்காரி என்ன செய்வாள்?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓய்வு வேறு, உறக்கம் வேறு. சோர்ந்த சரீரத்திற்குப் பகலில் ஓய்வு தேவை. அதைச் சாய்வு நாற்காலியில், சன்னல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளலாம். கண்ணயர்ந்தே ஆகவேண்டுமானால் மூன்று மணிக்கு முன்னே, அரை மணி நேரத்திற்கு மிகாமல், அலாரம் வைத்துக்கொண்டு அயரலாம். வலிமருந்தை வலி உச்சத்திற்கு ஏறியபின் விழுங்குவதைவிட, இரவு முழுவதும் தாங்கும்படி எந்நேரம் எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது மேல்.

ஜெபித்தும் வராத தூக்கம்

127ஆம் சங்கீதம் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். நித்திரை தேவனுடைய ஈவு என்று அங்கே வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, மூன்று மணிக்கு விழித்திருக்கும் விசுவாசி, "அப்படியானால் நான் அவருக்குப் பிரியமில்லாதவளோ?" என்று கலங்குகிறாள். ஆறுதல் சொல்ல வந்த சிலரும், "நல்லா ஜெபிச்சிட்டுப் படுங்க அக்கா, தூக்கம் வரும்" என்று சொல்லி, அவள் ஜெபிக்கவில்லை என்பதுபோல் பாரத்தைக் கூட்டிவிட்டுப் போகிறார்கள். அதே வேதத்தில் யோபுவின் புத்தகம் 7ஆம், 30ஆம் அதிகாரங்களை அவர்கள் திறந்து பார்க்கலாம். தோலெல்லாம் புண்ணாகிப்போன அந்த நீதிமான், இராத்திரியில் எலும்புகள் குத்துவதையும் விடியுமட்டும் புரளுவதையும் பற்றிச் சொல்லுகிறதை, இன்றைய வலிநோய் மருத்துவர் ஒருவர் தம் நோயாளியின் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். 77ஆம் சங்கீதத்தில் ஆசாப் தன் தூக்கமின்மைக்குத் தேவனையே பொறுப்பாளியாக்கிப் பேசுகிறான். அதற்காக அவன் கண்டிக்கப்பட்டதாக அங்கே இல்லை.

நடுநிசியில் ஜெபிப்பது நல்லது. ஆனால் அதைத் தூக்க மாத்திரையாக்கி, "பத்து நிமிஷம் ஜெபித்தேன், இன்னும் வரவில்லையே" என்று அளந்துகொண்டிருந்தால், அந்த எதிர்பார்ப்பே விழிப்பைக் கூட்டிவிடுகிறது. பாயைவிட்டு எழுந்து நாற்காலியில் அமர்ந்து ஜெபிக்கிறவர், தம்மையறியாமலே பூட்சினின் ஆலோசனையை நிறைவேற்றுகிறார். கடன், மகளின் கலியாணம், அடுத்த பரிசோதனையின் முடிவு போன்ற கவலைகளுக்கு மாலையிலேயே ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, தாளில் எழுதி, பக்கத்தில் நாளை செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் குறித்து வைத்துவிட்டால், அவை நடுநிசியில் வந்து கதவைத் தட்டுவது குறைகிறது.

வீட்டார் செய்ய வேண்டியதும் சிறிது உண்டு. இரவு வேலை முடிந்து மகன் வரும்போது விளக்கு எரியாமல், தட்டு சத்தமிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் செருப்பும் குடமும் கிடக்கக் கூடாது. அறையின் தொலைக்காட்சி பத்து மணிக்கு அணைய வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. பக்கத்துப் பந்தலின் ஒலிபெருக்கியைப் பற்றி முறையிடும் நாம், நம் சபையின் ஒலிபெருக்கிச் சுவருக்கு அப்பால் யார் வியாதியாய்ப் படுத்திருக்கிறார்கள் என்பதையும் ஒருமுறை விசாரித்து அறியலாமே.

இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் எழுதி வாருங்கள்: படுத்த நேரம், ஏறக்குறையத் தூங்கிய நேரம், எழுந்த தடவைகள், எழுப்பியது எது, மருந்துகளைச் சாப்பிட்ட மணி, கடைசிக் காப்பியின் மணி. எழுதத் தெரியாத தாயாருக்கு மகள் எழுதலாம். நேரத்தைக் கணக்காகப் பார்க்க வேண்டாம். காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும். மருத்துவரிடம் நான்கு நிமிஷமே கிடைத்தாலும் இந்த ஒரு தாளை அவர் அரை நிமிஷத்தில் படித்துவிடுவார்.

விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்து, திரும்பத் தூக்கம் வராமல், எதிலும் விருப்பமற்று, "யாருக்கும் பாரமாய் இருந்து என்ன பயன்?" என்ற எண்ணம் மேலிடுகிறதென்றால், இதுவரை சொன்ன பாய், நாற்காலி யோசனைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. நெடுநாள் வியாதியோடு மனச்சோர்வு நோய் சேர்ந்துவருவது மிகுதி. அதற்கும் வைத்தியம் உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் எடுக்கிறார்கள், தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசலாம். அந்த நேரத்தில் வீட்டில் யாரையாவது எழுப்புவதற்கும் தயங்க வேண்டாம்.